அக்காவின் முகவரிக்குப் பச்சை வந்தது

மின்னஞ்சல் முகவரி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. கேளம்பாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்த ஆபீசில் ஆறு வருடம் அதைச் செய்தேன். லட்சக்கணக்கில் பார்த்திருப்பேன். எல்லாம் யாரோ முகம் தெரியாதவர்களுடையது. என் வீட்டுக்காக ஒரே ஒரு முகவரியைப் பார்க்க வேண்டி வந்தது. அதைத் தப்பாகப் பார்த்தேன். என் அப்பா அந்தத் தப்போடுதான் செத்தார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்களின் பிள்ளை. அவரும் கொஞ்ச காலம் இறங்கினார். பிறகு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நீலச் சட்டை, தோளில் பட்டை, பிளாஸ்டிக் உறையில் கம்பெனி அட்டை. சேற்றிலிருந்து ஏறி வந்த மனுஷனுக்கு அந்தச் சட்டை பெரிய விஷயம். சில ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கே அதைப் போட்டுக்கொண்டு வருவார். எனக்கும் அக்காவுக்கும் மானம் போகும்.

அம்மா நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டாள். அக்கா நன்றாகப் படித்தாள். அவள் இன்ஜினியரிங் முடிக்கட்டும் என்று நான் பன்னிரண்டாவதோடு நின்றேன். என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஆனால் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் பல வருடம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகிவிட்டது.

முதலில் வேலைக்குப் போனது மாமல்லபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு. தொண்ணூறுகளின் கடைசி. வெள்ளைக்காரர்கள் வேர்த்து வழிந்துகொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஊருக்கு மெயில் அனுப்ப. கடற்கரைக்குப் போகிற தெருவில் சிற்பக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டு இருக்கும். பிள்ளையார் வாங்கினவர், விலை கேட்டுவிட்டுப் போனவர், எல்லோரும் அதில் பேரையும் மெயில் முகவரியையும் எழுதுவார்கள். டிசம்பர் வந்தால் கடைக்காரர்கள் அந்த நோட்டுகளைச் சென்டரில் கொண்டுவந்து போடுவார்கள். எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப வேண்டும். நான் உட்கார்ந்து அடிப்பேன். கையெழுத்து ஒன்றும் புரியாது. அனுப்பினதில் பாதி திரும்பி வந்து விழும், இந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று ஒரு குறிப்போடு.

திரும்பி வந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. சென்டர் முதலாளிக்கு யோசனை வந்தது. அவர் கோயம்புத்தூர் பக்கத்து ஆள், எதையும் வீணாக விட மாட்டார். வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் இதேபோல் மூட்டை மூட்டையாக முகவரிகள் இருக்கின்றன. செத்த முகவரிகளுக்கு ஓயாமல் அனுப்புகிற கம்பெனியைச் சர்வர்கள் குப்பை அனுப்புகிறவன் என்று ஒதுக்கி வைத்துவிடும். பிறகு நல்ல மெயில்கூடப் போய்ச் சேராது. அதனால் அனுப்புவதற்கு முன்னாலேயே எது செத்தது என்று யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படி வந்ததுதான் கேளம்பாக்கம் ஆபீஸ். பத்து கம்ப்யூட்டர், ஒரு யூபிஎஸ், எப்போதும் பேட்டரி வாடை. நாங்கள் செய்ததற்கு எங்களுக்குள் பெயர் ‘லிஸ்ட் கழுவுறது’.

கழுவுவது எப்படி என்று சொல்கிறேன். சொல்லாவிட்டால் நான் செய்த தப்பு புரியாது.

முதலில் முகவரியின் உருவத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் @ என்கிற அந்தச் சுழி இருக்கிறதா, எங்காவது இடைவெளி விழுந்திருக்கிறதா, புள்ளிக்குப் பதில் கமா அடித்திருக்கிறானா. அடுத்து, சுழிக்குப் பின்னால் இருக்கிற கம்பெனிப் பெயர் நிஜமாகவே இணையத்தில் இருக்கிறதா, அதற்கு மெயில் வாங்குகிற சர்வர் ஒன்று உண்டா. இதுவரை சுலபம். மூன்றாவதாக எங்கள் புரோகிராம் அந்தச் சர்வரோடு பேசும். வணக்கம் சொல்லும். இன்ன இடத்திலிருந்து வருகிறேன் என்னும். இன்ன பேருக்கு ஒரு மெயில் இருக்கிறது, வாங்கிக்கொள்வாயா என்று கேட்கும். அந்தப் பேரில் ஆள் இருந்தால் சர்வர் சரி என்பதற்கு ஒரு எண்ணைச் சொல்லும். இல்லையென்றால் வேறு எண். எண்ணைக் கேட்டதும் எங்கள் புரோகிராம் போய் வருகிறேன் என்று கிளம்பிவிடும். கொடுப்பதற்கு அதன் கையில் மெயிலே கிடையாது.

ஆபீசில் எல்லோரும் அண்ணாத்த என்று கூப்பிட்ட ஒருவர் இருந்தார். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ரதங்களைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தவர், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்களிடம் வந்து சேர்ந்தார். நான் வேலை கற்றுக்கொண்ட முதல் வாரம் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டார்.

“இன்னாமே, சின்ன வயசுல யாரு வூட்டுலயாவது பெல்லு அடிச்சிட்டு ஓடிகீறியா?”

“எங்க தெருவுல ஏது அண்ணாத்த பெல்லு?”

“அப்ப இப்ப அடி. ஒலகம் பூரா அடி. தொறக்குறானான்னு மட்டும் பாரு, ஓடியாந்துடு. இதான் நம்ம வேல.”

பதிலைப் பொறுத்து நிறம் போடுவோம். ஆள் உண்டு என்றால் பச்சை. இல்லை என்றால் சிவப்பு. மஞ்சள் என்று ஒன்றும் இருந்தது. சில சர்வர்கள் எந்தப் பேரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லும். முகவரியில் யாராவது ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டால் மெயில் வீணாகப் போகக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் அப்படி வைத்திருப்பார்கள். ஆள் இல்லாத மெயிலெல்லாம் ஒரு பொதுப் பெட்டியில் போய் விழும். அந்தப் பெட்டியை யாராவது திறந்தால் உண்டு. இப்படிப்பட்ட சர்வரைக் கண்டுபிடிக்க எங்கள் புரோகிராம் ஒரு வேலை செய்யும். கேட்க வேண்டிய பேரோடு சேர்த்து, உலகத்தில் யாருக்கும் இருக்க முடியாத ஒரு பொய்ப் பேரையும் கேட்கும். வாயில் வந்த எழுத்துகளைக் கோத்த பேர். அதற்கும் சரி என்று பதில் வந்தால், அந்தச் சர்வர் சொல்கிற எந்தச் சரிக்கும் மதிப்பில்லை. அதற்குத்தான் மஞ்சள். சொல்ல முடியாது என்று அர்த்தம்.

இதை ஒருநாள் நைனாவிடம் சொன்னேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்கு விளங்கவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப நீயும் கேட்டாண்டதான் நிக்கிற. நான் உள்ள, நீ வெளிய. அவ்ளோதான்.”

“ஆமா நைனா.”

“யாரக் கேட்டாலும் சரின்னு சொல்றது ஒண்ணு கீதுன்னியே, அவன் புதுசா ஷிப்டுக்கு வந்தவன். யாரையும் தெரியாது அவனுக்கு. இல்லன்னு சொல்லிட்டு ஆபீசருகிட்ட திட்டு வாங்குறதுக்குப் பதிலா எல்லாத்துக்கும் தலையாட்டிடுவான். எங்க கேட்லயும் ஒருத்தன் கீறான், பேமானி.”

ரொம்ப நேரம் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் சிரித்தார். ஆனால் குறைந்துபோயிற்று, அக்கா விஷயத்துக்குப் பிறகு.

அக்காவுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. போனாள். ஒன்றரை வருடத்தில் அங்கேயே ஒருவனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, செய்த பிறகு கடிதம் போட்டாள். நைனா கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “அவ செத்துட்டான்னு நெனச்சிக்கிறேன்” என்றார். எனக்கு அவரைவிடக் கோபம். நான் படிப்பை விட்டு, பஸ்ஸில் தொங்கி, இவளைப் படிக்க வைத்து, கிழவரை என் தலையில் கட்டிவிட்டு இவள் போய்விட்டாள். இதுதான் அப்போது என் கணக்கு. நீ வரவே வேண்டாம் என்று நாலு வரி எழுதிப் போட்டேன்.

அடுத்த கிறிஸ்மஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே என் பேருக்கு மூன்று வரி. கடைசியில் அவளுடைய ஆபீஸ் மெயில் முகவரி. எது வேண்டுமானாலும் இதில் எழுது என்றிருந்தாள். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. நான் எழுதவில்லை. நைனா அட்டையைக் கையில் வாங்காமலே “அடுப்புல போடு” என்றார். நான் அலமாரி மேலே வீசினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அங்கே இல்லை. அடுப்பில்தான் போட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை முதலாளி என் மேசைக்கு வந்தார்.

“ஏம்மா, இந்த மஞ்சள் எதுக்கு இத்தனை வருது? வேற கம்பெனில குடுத்தா மஞ்சளே இல்லாம குடுக்கறாங்கன்னு கஸ்டமரு சண்டைக்கு வர்றான்.”

“அது சொல்ல முடியாதது சார்.”

“சொல்ல முடியாதுன்னு சொல்றதுக்கா நம்மகிட்டக் குடுக்கறான்? அந்தப் பொய்ப் பேரு கேக்கறத எடுத்துரு. சரின்னு சொன்னாச் சரி, இல்லைன்னா இல்லை. ரெண்டே கலரு.”

புரோகிராமில் அந்த ஒரு வரியை நான்தான் எடுத்தேன். என் கையால் எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பன்னிரண்டாவது படித்த என்னை நம்பி புரோகிராமில் கை வைக்க விட்டார்களே என்று பெருமையாகத்தான் இருந்தது. அண்ணாத்த எட்டிப் பார்த்தார். “இனிமே ஒலகத்துல டவுட்டே கெடையாதா? சூப்பரு மச்சான்” என்று திரைக்கு ஒரு சல்யூட் அடித்தார். நானும் சிரித்தேன். மஞ்சள் போனதில் வேலையும் சீக்கிரம் முடிந்தது. இரண்டு மாதத்தில் மஞ்சள் என்று ஒன்று இருந்ததே எங்களுக்கு மறந்துவிட்டது.

மறந்துவிட்டது என்று எழுதினேன். அது பொய். தெரியும். அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நைனாவுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில். காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு அங்கிருந்தே பஸ் பிடித்து திருப்போரூர் வழியாக ஆபீசுக்குப் போவேன். சாயங்காலம் திரும்ப ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டு அத்தை பகலில் கூட இருந்தாள்.

ஒருநாள் காலை, தலைமாட்டில் இருந்த பையை எடுக்கச் சொன்னார். அதிலிருந்து கம்பெனி அட்டையை எடுத்தார். வேலையை விட்டுப் பல மாதம் ஆகியும் அதை வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டு, அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை உருவினார். அக்காவின் வாழ்த்து அட்டையிலிருந்து கத்தரித்த துண்டு. மெயில் முகவரி மட்டும். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. சரியாக அந்த ஒரு வரியைக் கத்தரித்து வைத்திருந்தார்.

“எய்து” என்றார்.

“இன்னா எய்த?”

“வரச் சொல்லி எய்து. நைனா சொன்னாருன்னு எய்து. அவ வூட்டுக்காரனையும் கூட்டிகினு வரட்டும்.”

“இப்பதான் தோணுச்சா?”

“கத்தாத. பாத்துட்டா போதும் எனுக்கு. வேற ஒண்ணும் வேணாம்.”

அன்றைக்கு ஆபீசில் முதல் வேலையாக அந்த முகவரியை எங்கள் புரோகிராமில் போட்டேன். வேறு யாராவது என்றால் மெயிலை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். எனக்குத் தொழில் புத்தி. முதலில் உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று போட்டேன். ஒரு நொடியில் வந்தது. பச்சை.

சரி, இங்கேதான் இருக்கிறாள். மெயில் போட்டேன். நைனாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வா, என் செல்போன் நம்பர் இது. மெயில் திரும்பி வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்று நாள் பதில் இல்லை. மறுபடி போட்டேன். அதற்கும் இல்லை. ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் முகவரியைச் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் பச்சை. பச்சையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறி ஏறியது. படிக்கிறாள், படித்துவிட்டு மூடி வைக்கிறாள் என்று அர்த்தம். மொத்தம் ஒன்பது மெயில். முதல் மூன்றில் வா என்று கேட்டேன். பிறகு திட்டினேன். கடைசியில் எழுதினதை இங்கே எழுத முடியாது.

நைனா தினமும் கேட்பார்.

“வாட்ச்மேன் இன்னா சொல்றான்?”

“உள்ள கீறாளாம்.”

“பதிலு?”

“இல்ல.”

பத்து நாள் போனது. அவருக்குப் பேச மூச்சு வாங்கியது. ஒரு சாயங்காலம் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏம்மா, அந்த வாட்ச்மேன் ஷிப்டு மாறி வந்தவனா இருப்பானோ? சும்மா தலையாட்டுறானோ இன்னாவோ?”

காலையிலிருந்து மூன்று பஸ் மாறி, நின்றுகொண்டே வந்திருந்தேன். அவளுக்காக இந்த நிலைமையிலும் காரணம் தேடுகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

“நைனா, இது என் வேல. ஒனக்கு இன்னா தெரியும்? அவ உள்ளதான் கீறா. நான் போட்ட ஒம்போதும் படிச்சிட்டா. படிச்சிட்டு கம்னு கீறா. வரமாட்டா. வுட்டுரு அவள.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நைனா என் கையை விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “சரிம்மா, நீ சாப்ட்டியா?” என்றார். அக்காவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. ஆறாம் நாள் போய்விட்டார்.

அந்தக் கம்பெனிக்கு வலைப்பக்கம் இருந்தது. அதில் போன் நம்பர் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் திறந்தும் பார்த்தேன், முகவரியில் கம்பெனிப் பெயர் சரியா என்று ஒப்பிட. ஒரு போன் போட்டு இந்தப் பேரில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பார்கள். எங்கே போனாள் என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்குத் தோன்றவே இல்லை. வேலை தெரியாத எவளாவது ஒருத்தியாக இருந்திருந்தால் போன்தான் போட்டிருப்பாள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க மதுராந்தகம் போனேன். அச்சகத்துக்காரர் தாளில் எழுதிக்கொண்டே “மகள்கள்னு போடலாமா, பேரச் சொல்லும்மா” என்றார். “ஒரே மகள்” என்றேன். என் பேரை மட்டும் கொடுத்தேன். தொழிற்சாலைக்கு எதிர்ச் சுவரிலும், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலும், எங்கள் படாளம் கூட்ரோட்டில் வேடந்தாங்கலுக்குத் திரும்புகிற இடத்து நிழற்குடைக்குள்ளும் ஒட்டினார்கள். வெளியே ஒட்டினது முதல் மழையிலேயே போயிற்று. நிழற்குடைக்குள் ஒட்டினது அப்படியே இருந்தது. தினமும் அதன் எதிரே நின்றுதான் பஸ் ஏறினேன். நீலச் சட்டையில் நைனா. கீழே நான் மட்டும்.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அக்கா நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. தோளில் பை. முகம் பேயடித்த மாதிரி இருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பார்த்திருக்கிறாள். தன் அப்பா செத்த விஷயத்தை நிழற்குடையில், தன் பேர் இல்லாத போஸ்டரில் படித்துவிட்டு, அங்கிருந்து நடந்து வந்திருக்கிறாள்.

எனக்கு அதெல்லாம் அப்போது தெரியவில்லை. கையில் இருந்த துணியை வீசிவிட்டுக் கத்தினேன்.

“இப்ப இன்னாத்துக்கு வந்த? எட்டு மாசம் ஆச்சு! ஒம்போது மெயிலு போட்டேன், ஒம்போது! கல்லாடி நீ?”

அக்காவை நான் டி போட்டது அன்றைக்குத்தான். அவள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள்.

“எந்த மெயிலு?”

“நடிக்காத. அட்டையில எய்தி அனுப்புனியே, அந்த மெயிலு.”

“அந்தக் கம்பெனில நான் இல்லடி. விட்டு ஒன்றரை வருஷம் ஆகுது. நாங்க ஹைதராபாத் போயிட்டோம்.”

“பொய். உள்ளதான் கீறன்னு சொல்லுச்சு. நான் பாத்தேன்.”

“யாரு சொன்னது?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். சர்வர் சொன்னது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் போகும்போதுதான் எனக்கு மஞ்சள் ஞாபகம் வந்தது.

“நீ எழுதுவேன்னு தெனம் காலைல மொதல்ல மெயிலதான் தொறப்பேன்” என்றாள் அக்கா. “அட்ட போட்டதுலேர்ந்து எட்டு மாசம் பாத்தேன். ஒண்ணும் வரல. என்னய வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். வேலைய மாத்திக்கினு போயிட்டேன். இவ பொறந்தப்புறம் மனசு கேக்கல. நைனா அடிச்சாலும் பரவால்ல, காட்டிட்டு வந்துடலாம்னு வந்தேன்.” குழந்தை துவைத்த தண்ணீரில் கை வைத்து அடித்துக்கொண்டிருந்தது. “ஒரு போனு பண்ணியிருக்கக் கூடாதா, கம்பெனிக்கு?”

திங்கட்கிழமை அவளை வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். புரோகிராமைத் திறந்தேன். அக்காவின் பழைய கம்பெனிப் பெயருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு விரல் பட்ட எழுத்துகளை அடித்தேன். அந்தப் பேரில் உலகத்தில் யாரும் கிடையாது. பச்சை. இன்னொன்று அடித்தேன். பச்சை. பிறகு நைனாவின் பேரை அடித்தேன். புனேயையே பார்க்காத, கம்ப்யூட்டரைத் தொடாத, மாதா கோயில் கல்லறையில் எட்டு மாதமாகப் படுத்திருக்கிற மனுஷனைக் கேட்டேன். உள்ளே இருக்கிறார் என்று சொல்லிற்று. பச்சை.

அண்ணாத்த வழக்கம்போல “இன்னாமே, காத்தால பெல்லு அடிக்க ஆரமிச்சிட்டியா?” என்று எட்டிப் பார்த்தார். அடக்கத்துக்கு வந்தவர் அவர், போஸ்டரில் பேரைப் படித்தவர். திரையில் இருந்த பேரைப் பார்த்தார்.

“எய்ந்து வா” என்றார். “டீ சாப்ட்டு வரலாம். வா.”

நான் எழுந்திருக்கவில்லை. எடுத்த அந்த வரியை மறுபடி புரோகிராமில் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்கால லிஸ்ட்டில் மூன்றில் ஒரு பங்கு மஞ்சள் வந்தது. முதலாளி வந்து கத்தினார். நானும் கத்தினேன். மாதக் கடைசியில் வேலையை விட்டேன். அது ஒன்றும் வீரம் இல்லை. நான் போன மறுநாளே அவர் அந்த வரியை எடுத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். பொய்ப் பேர், மஞ்சள், நான் எடுத்த வரி, எல்லாம். அவளுக்கு என்னைவிட நன்றாகவே புரிந்தது, படித்தவள். நைனா கேட்டதையும் சொன்னேன். கத்தரித்த துண்டைக் காட்டினேன். வாட்ச்மேன் சும்மா தலையாட்டுகிறானோ என்று அவர் சந்தேகப்பட்டதையும் சொன்னேன். அதற்கு நான் சொன்ன பதிலை மட்டும் சொல்லவில்லை.

அக்கா அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“அப்ப அவருக்குச் சந்தேகம் இருந்துச்சில்ல? நான் படிச்சிட்டு வராம இருந்துட்டேன்னு அவரு முழுசா நம்பல. கடைசி வரைக்கும் நம்பல. அப்படித்தானே?”

“ஆமா” என்றேன்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருக்கிறாள். கல்லறைத் திருநாளுக்கு வரும்போதெல்லாம் பூ வைத்துவிட்டு அவள் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்கிறாள். தாத்தா என்னைச் சந்தேகப்படவில்லை, அந்த மிஷினைத்தான் சந்தேகப்பட்டார் என்று. நான் பக்கத்தில் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

அது உண்மையில்லை அக்கா. அவர் சந்தேகப்பட்டது ஒரே ஒரு சாயங்காலம். நான் என் வேலை எனக்குத் தெரியும் என்றேன். அவர் கேட்டில் நின்ற மனுஷன், வேலை தெரிந்தவர் சொன்னால் நம்புகிறவர். என்னை நம்பினார். என் கையை விட்டார். ஆறு நாள் இருந்தார், உன் பேரைச் சொல்லவில்லை.